ஓசூர் மாறுது. சரி, உத்தனப்பள்ளி வரைக்கும் வருதா?



ஓசூர்ல நடக்கிற நகர மேம்பாட்டு வேலைகளைப் பத்திப் பேச்செடுத்தாலே ரெண்டு அணி உருவாகிடுது. ஒரு அணி "எத்தனை கோடி ஒதுக்கியிருக்கோம் பாருங்க"ன்னு ஆரம்பிக்கும். இன்னொரு அணி தோண்டிப் போட்ட ரோட்டைப் போட்டோ எடுத்து "இதுதான் வளர்ச்சியா?"ன்னு கேட்கும். முதல் அணி எப்பவும் ஆளுங்கட்சி. ரெண்டாவது அணியில பெரும்பாலும் நாமதான் இருக்கோம்.

ரெண்டு பேருமே திட்டத்தை மதிப்பிடல. ஒதுக்கின கோடி என்பது செலவுக் கணக்கு. தோண்டின குழி என்பது வேலை நடக்குதுன்னு காட்டுற அடையாளம். மக்களுக்குப் பலன் கிடைச்சுதான்னு இந்த ரெண்டுமே சொல்லாது.

கம்பெனியில ஒரு பாகத்தைச் செஞ்சு முடிச்சா மட்டும் போதாது. அளவெடுத்து, பொருத்தி, ஓட்டிப் பார்த்துத்தான் வெளியே அனுப்புவாங்க. இதை ஓசூர்ல யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. அதே சோதனையை நகரத் திட்டத்துக்கும் வைப்போம். ஆனா எங்க வைக்கிறோம் என்பது முக்கியம். மாநகராட்சி அலுவலகம் இருக்கிற தெருவுல வெச்சா எல்லாமே பாஸ் ஆகிடும். சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, ராயக்கோட்டை ரோட்டுல இருக்கிற உத்தனப்பள்ளியில வெச்சுப் பார்ப்போம்.

*முதல்ல, என்ன நடக்குது?*

சிப்காட் நிறுவனம் தொடங்கினது 1971. அந்தப் பத்தாண்டுலயே ஓசூர்ல தொழிற்பேட்டை வந்துடுச்சு. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன்னு வரிசையா கம்பெனிகள் வந்தது. வேலை வந்தது, ஆள் வந்தாங்க, வீடு வந்தது. சாக்கடையும் குடிநீரும் பஸ் ஸ்டாண்டும் ரொம்ப மெதுவாப் பின்னாடி வந்தது. 2019 பிப்ரவரியில ஓசூர் மாநகராட்சி ஆச்சு.

இப்போ அந்தப் பழைய பாக்கியை அடைக்கிற வேலைகள் நடக்குது. பல நூறு கோடி ரூபாய்ல பாதாளச் சாக்கடை. கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்துல மோரனப்பள்ளியில 30 கோடி ரூபாய்க்குப் புதிய பஸ் ஸ்டாண்ட். ஓசூருக்குன்னு நகர்ப்புற வளர்ச்சிக் குழுமம். 2024 ஜூன் 27-ம் தேதி சட்டப்பேரவையில 2,000 ஏக்கர்ல விமான நிலையம்னு அறிவிப்பு. 2025-26 பட்ஜெட்ல 400 கோடி ரூபாய்ல டைடல் பூங்கான்னு அறிவிப்பு.

இதுல எதையும் தேவையில்லைன்னு நாம சொல்லல. பாதாளச் சாக்கடை இருபது வருஷம் முன்னாடியே வந்திருக்கணும். ரெண்டு கழக ஆட்சியும் தள்ளிப்போட்டதால இப்போ வருது. வந்ததை வரவேற்போம். வரவேற்றுட்டு, நாலு கேள்வி கேட்போம்.

*கேள்வி 1: யாரை எண்ணிக் கணக்குப் போட்டீங்க?*

தண்ணீர்த் தொட்டியா இருந்தாலும் சாக்கடைக் குழாயா இருந்தாலும் மக்கள் தொகையை வெச்சுத்தான் அளவு முடிவாகும். நம்மகிட்ட இருக்கிற கடைசி மக்கள் தொகைக் கணக்கெடுப்பு 2011-ல எடுத்தது. 2021-ல எடுக்க வேண்டியது கொரோனாவுல நின்னு, இப்போ 2027-ன்னு அறிவிச்சிருக்காங்க.

ஓசூர்ல 2001-ல சுமார் 84 ஆயிரம் பேர். 2011-ல பழைய நகராட்சி எல்லைக்குள்ளயே சுமார் 1.17 லட்சம். மத்திகிரி, மூக்கண்டப்பள்ளி, சூசூவாடி மாதிரி இணைச்ச பகுதிகளையும் சேர்த்தா சுமார் 2.45 லட்சம். அதுக்கப்புறம் எத்தனைன்னு எண்ணிப் பார்க்கவே இல்ல. அதிகாரிகள் மதிப்பீடு போடுவாங்க. ஆனா ரூமுக்கு ஆறு பேர்னு தங்கியிருக்கிற ஒடிசா, ஜார்க்கண்ட் பசங்க அந்த மதிப்பீட்டுல இருக்காங்களா? தருமபுரியில இருந்தும் திருவண்ணாமலையில இருந்தும் வந்து ஹாஸ்டல்ல தங்கி ஷிஃப்ட்டுக்குப் போற பொண்ணுங்க? அவங்க ரேஷன் கார்டு இங்க இல்ல, ஓட்டு இங்க இல்ல. ஆனா தண்ணி குடிக்கிறது இங்கதான், கழிவறை பயன்படுத்துறதும் இங்கதான்.

ஒரு திட்டம் முடிஞ்ச அன்னைக்கே சின்னதாப் போயிட்டா, அந்தக் காசு பாதி வீண். அதனால முதல் கேள்வி இதுதான்: இந்தக் குழாய் எந்த வருஷத்து மக்கள் தொகைக்குப் போட்டது, அதுல வெளியூர்த் தொழிலாளர்கள் எத்தனை பேர்?

*கேள்வி 2: நகரம் எங்க முடியுது?*

மாநகராட்சி எல்லைக் கல்லுல நகரம் முடியுதுன்னு கோப்பு சொல்லும். கம்பெனி பஸ் அப்படிச் சொல்லாது. திம்ஜேப்பள்ளி பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் வந்த பிறகு கெலமங்கலம், நாகமங்கலம், உத்தனப்பள்ளி, சூளகிரி வரைக்கும் ஒரே தொழில் வட்டாரம் ஆகிடுச்சு. ரோஜாவும் தக்காளியும் கோஸும் விளைஞ்ச நிலத்துக்குப் பக்கத்துல லைன் வீடு, ஹாஸ்டல், மெஸ், பைக் ஸ்டாண்ட். பார்த்தா நகரம். காகிதத்துல ஊராட்சி.

இந்தக் காகித வித்தியாசம் எவ்வளவு பெரிய வித்தியாசம்னு ஒரே ஒரு கணக்குல பாருங்க. ஜல் ஜீவன் திட்டத்துல கிராமத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு திட்டமிடுறாங்க. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு 135 லிட்டர். ஒரே கம்பெனி, ஒரே ஷிஃப்ட், ஒரே சம்பளம் வாங்குற ரெண்டு பேர். ஒருத்தர் ஓசூர்ல வாடகைக்கு இருக்கார், இன்னொருத்தர் உத்தனப்பள்ளியில. முதல் ஆளுக்கு அரசு ஏட்டுல 135 லிட்டர், ரெண்டாவது ஆளுக்கு 55. அந்த 55-உம் ஊர்ல இருக்கிறவங்களை எண்ணிப் போட்டது, வந்து தங்கினவங்களையும் சேர்த்துப் பங்கு போடணும். மீதிக்கு டேங்கர் லாரி. அந்த டேங்கர் நிரம்புறது பக்கத்து விவசாயியோட போர்வெல்ல.

சாக்கடையும் இதே கதைதான். மாநகராட்சிக்குள்ள குழாய் போடுறாங்க. ஊராட்சியில ஹாஸ்டல் கழிவு செப்டிக் டேங்குக்குப் போகுது. நிரம்பினா லாரி வரும். அந்த லாரி எங்க போய்க் கொட்டுதுன்னு ஊர்க்காரங்களைக் கேளுங்க.

"அப்போ உத்தனப்பள்ளியையும் நகரமா அறிவிச்சிட வேண்டியதுதானே?"ன்னு சில தோழர்கள் கேட்பீங்க. அவசரப்படாதீங்க. நகர்ப்புறம் ஆனா நூறு நாள் வேலை போயிடும், சொத்து வரி ஏறும். 2025 ஜனவரியில மாநிலம் முழுக்க மாநகராட்சிகளையும் நகராட்சிகளையும் விரிவாக்குறதா அறிவிச்சப்போ பல மாவட்டத்துல ஊராட்சி மக்கள் எதிர்த்தது இதனாலதான். அந்தப் பயம் நியாயமானது. நிலமில்லாத குடும்பத்துக்கு நூறு நாள் வேலை சின்ன விஷயமில்ல. வரியை முதல்ல ஏத்திட்டு வசதியைப் பத்து வருஷம் கழிச்சுக் கொடுக்கிற பழக்கத்தை மக்கள் நல்லாப் பார்த்திருக்காங்க.

நம்ம நிலைப்பாடு இதுதான்: பெயர்ப் பலகை மாத்துறது அப்புறம். வசதி முதல்ல. தொழிற்பேட்டையை ஒட்டின ஊராட்சிகளுக்கு நகரத்துக்கு இணையான தண்ணீர் அளவும், கழிவுநீர்ச் சுத்திகரிப்பும், அதுக்கான தனி நிதியும் கொடுங்க. பெரிய கட்டடம், தொழிற்சாலை கட்ட அனுமதி கொடுக்கும்போது உட்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம்னு ஒண்ணு வசூலிக்கிறாங்க. இந்த வட்டாரத்துல எவ்வளவு வசூலாச்சு, எவ்வளவு இங்கேயே செலவாச்சுன்னு வெளியிடுங்க. காசு எங்க இருந்து வரும்னு கேட்கிறவங்களுக்கு முதல் பதில் அதுல இருக்கு.

*கேள்வி 3: நம்ம அழுக்கு யார் வாசலுக்குப் போகுது?*

கெலவரப்பள்ளி அணையில நுரை பொங்குற வீடியோவை நம்ம எல்லாருமே பகிர்ந்திருக்கோம். பெங்களூருவோட கழிவு தென்பெண்ணையில கலந்து, எல்லை தாண்டி, நம்ம வயலுக்கு வருது. கர்நாடகாவைத் திட்டுறோம், திட்டத்தான் வேணும். ஒரு நகரம் தன் தெருவை மட்டும் சுத்தம் பண்ணிட்டு அழுக்கைக் கீழே தள்ளினா என்ன ஆகும்னு உலகத்துக்கே பாடம் எடுக்கிற தகுதி நம்ம ஊர் விவசாயிக்கு இருக்கு.

ஆனா அதே ஆறு நம்மளோட நிக்கல. ஓசூரைத் தாண்டி கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்குப் போகுது, அங்கிருந்து சாத்தனூர், அங்கிருந்து கடலூர். பெங்களூரு நமக்குச் செஞ்சதை ஓசூர் கிருஷ்ணகிரிக்குச் செய்யக் கூடாது. அதனால பாதாளச் சாக்கடையை எத்தனை கிலோமீட்டர் குழாய் போட்டாங்கன்னு அளக்காதீங்க. எத்தனை வீடு இணைப்பு வாங்குச்சு, சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கழிவுநீர் வருது, அங்கிருந்து வெளியே போற தண்ணியோட தரம் என்ன? இந்த மூணு எண்ணும் மாசா மாசம் வெளியாகணும். குழாய் போட்டு வீட்டு இணைப்பு இல்லைன்னா அது மண்ணுக்குள்ள புதைச்ச காசு. இணைப்பு கொடுத்து சுத்திகரிப்பு சரியில்லைன்னா அழுக்கை வேகமா ஆத்துல சேர்க்கிற ஏற்பாடு. மூணும் சரியா இருந்தாத்தான் திட்டம் வெற்றி.

*கேள்வி 4: யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க?*

2023 தொடக்கத்துல உத்தனப்பள்ளி என்ற பேர் தமிழ்நாடு முழுக்கத் தெரிஞ்சது. உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகள்ல 3,000 ஏக்கருக்கு மேல சிப்காட்டுக்கு எடுக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் விவசாயிகள் மாசக்கணக்குல உக்காந்து போராடினாங்க. அவங்க யாரும் தொழிற்சாலையே வேண்டாம்னு சொன்னவங்க இல்ல. அவங்க வீட்டுப் பிள்ளைங்களே கம்பெனிக்குப் போறாங்க. "விளையிற நிலத்தை எடுக்காதே, எடுக்கிறதுக்கு முன்னாடி எங்களைக் கேளு"ன்னுதான் சொன்னாங்க.

இப்போ நிலைமையைப் பாருங்க. கிருஷ்ணகிரி உட்பட 28 மாவட்டத்துல ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதி முடிஞ்சது. தேர்தல் நடத்தாம தனி அலுவலர்கிட்ட ஒப்படைச்சாங்க. மாநகராட்சிக்கு மேயர் இருக்கார், 45 வார்டுக்கும் கவுன்சிலர் இருக்காங்க. ஆனா நிலம் கைமாறி, ஹாஸ்டல் முளைச்சு, வேகமா மாறிக்கிட்டு இருக்கிற ஊராட்சிகள்ல நீங்க ஓட்டுப் போட்ட தலைவரே இல்லாம முடிவுகள் ஓடுச்சு. தெருவிளக்கு எரியலைன்னா யார்கிட்ட சொல்றது? ஹாஸ்டல் கழிவு ஏரியில கலந்தா யார் சட்டையைப் பிடிக்கிறது?

ஒரு மேம்பாட்டுத் திட்டம் நல்லா நடக்குதான்னு பார்க்க இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது. தப்பு நடந்தா மக்கள் யார்கிட்ட கேட்பாங்க என்ற கேள்விக்கு ஒரு பேர் பதிலா வரணும். வரலைன்னா அந்தத் திட்டம் மக்கள் கையில இல்ல.

*மத்த ஊர்ல பார்த்த பாடம்*

ஸ்மார்ட் சிட்டி திட்டம் ஞாபகம் இருக்கா? 2015 ஜூன் 25-ல தொடங்கி, 2025 மார்ச் 31-ல முடிஞ்சது. நாடு முழுக்க 100 நகரம், தமிழ்நாட்டுல 11. ஓசூர் அதுல இல்ல. இல்லாததால நமக்கு ஒரு லாபம் உண்டு, மத்தவங்க அனுபவத்தைப் பார்த்துக் கத்துக்கலாம்.

சென்னை தி.நகர்ல பாண்டி பஜார் நடைபாதை 2019-ல திறந்தப்போ எல்லாரும் செல்ஃபி எடுத்தாங்க. 2021 நவம்பர் மழையில தி.நகர்ல தண்ணி தேங்கி நின்னப்போ, இவ்வளவு செலவு பண்ணின பகுதியில ஏன் தண்ணி வடியலைன்னு கேள்வி வந்தது. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதார் தலைமையில விசாரணைக் குழு போட வேண்டி வந்தது. நடைபாதை அழகா இருந்தது உண்மைதான். மழை கேட்ட கேள்வி வேற.

கோவையில உக்கடம் பெரியகுளமும் வாலாங்குளமும் இன்னைக்கு மாலை நேரத்துல ஜனங்க நடக்கிற இடம். நல்ல விஷயம். அதே குளக்கரைகள்ல குடியிருந்த குடும்பங்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி மாதிரி நகரத்துக்கு வெளியே இருக்கிற அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டாங்க. வீட்டு வேலைக்கும் மார்க்கெட் வேலைக்கும் நகரத்துக்குள்ள போயிட்டு வந்தவங்களுக்கு இப்போ தினமும் பஸ் செலவும் நேரமும் கூடுதல். திட்டத்தை மதிப்பிடும்போது நடக்க வர்றவங்களை மட்டும் கேட்டா நூத்துக்கு நூறு மார்க் வரும். அனுப்பப்பட்டவங்களையும் கேட்டாத்தான் முழு மார்க் ஷீட்.

*நல்லது நடந்தா அதையும் சொல்லணும்*

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008-ல அடிக்கல் நட்டது கலைஞர், 2013-ல திறந்து வெச்சது ஜெயலலிதா. ஜப்பான் ஜைக்கா கடனோட 1,928 கோடி ரூபாய்ல, ஃபுளோரைடு கலந்த தண்ணியைக் குடிச்சுப் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணி வந்தது. ரெண்டு கழகத்தோடயும் நமக்கு ஆயிரம் சண்டை இருக்கட்டும். அந்தத் திட்டத்துல சரியா இருந்தது எதுன்னா, அது நகர எல்லையில நிக்கல. ஓசூருக்கும் கிராமத்துக்கும் சேர்த்தே போட்டாங்க, நோய் என்னன்னு பார்த்து அதுக்குப் போட்டாங்க. இன்னைக்கு அந்தத் தண்ணி போதலைன்னு ஊர் ஊரா புகார் வருது. காரணம் நம்ம முதல் கேள்விதான்: ஆள் கூடிக்கிட்டே போச்சு.

இன்னொண்ணு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்ல 18,720 படுக்கை கொண்ட தொழிலாளர் குடியிருப்பை சிப்காட் கட்டி 2024 ஆகஸ்ட்ல திறந்தாங்க. பெண் தொழிலாளர்களுக்கு முறையான இடம் கட்டிக் கொடுக்க அரசால முடியும்னு அது காட்டிடுச்சு. அங்க முடிஞ்சது, இங்க ஏன் தனியார் ஹாஸ்டலையும் லைன் வீட்டையும் நம்பி விட்டிருக்கீங்கன்னு நாம கேட்க இடம் இருக்கு.

*"நீங்க வளர்ச்சிக்கு எதிரியா?"*

இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். பதிலைத் தயாரா வெச்சுக்கோங்க. நம்ம தொண்டர்கள்ல பாதிப் பேர் கம்பெனி வேலைக்குப் போறவங்க. வேலை வேணும், விமான நிலையமும் வரட்டும். கம்பெனிக்கு நிலம், ரோடு, மின்சாரம், தண்ணீர் எல்லாம் தேதி போட்டுக் கொடுக்கிறீங்க இல்ல? அதே மாதிரி அந்தக் கம்பெனியில வேலை செய்றவர் தங்குற ஊருக்கும் தேதி போட்டுக் கொடுங்க. இதுல எதிரிக்கு எங்க இடம்?

*நாம வைக்கிற கோரிக்கை*

✅ ஓசூர் மாநகராட்சியில நடக்கிற ஒவ்வொரு பெரிய வேலைக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு முறை பலன் அறிக்கை வரணும். செலவுக் கணக்கோட, இணைப்பு எண்ணிக்கை, தண்ணீர் வந்த நாட்கள், வெளியேறும் நீரின் தரம் எல்லாம் அதுல இருக்கணும்.

✅ 2027 வரைக்கும் காத்திருக்காம, தொழிற்பேட்டை வட்டாரத்துல தங்கியிருக்கிற வெளியூர்த் தொழிலாளர்களைக் கணக்கெடுக்கணும். கம்பெனி ஏட்டுல ஆள் கணக்கு ஏற்கனவே இருக்கு.

✅ உத்தனப்பள்ளி, நாகமங்கலம் போன்ற தொழிற்பேட்டை ஊராட்சிகளுக்கு நகர அளவுத் தண்ணீரும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும், நூறு நாள் வேலையைப் பறிக்காமல் வரணும்.

✅ புதிய தொழிற்சாலைக்கு அனுமதி கொடுக்கும்போதே தொழிலாளர் குடியிருப்புக்கும் இடமும் தேதியும் முடிவாகணும்.

✅ தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் இல்லாத காலத்துல நில எடுப்பு, எல்லை மாற்றம் போன்ற பெரிய முடிவுகள் எடுக்கக் கூடாது.

*நீங்க என்ன செய்யலாம்?*

கோஷம் போட்டா மட்டும் போதாது தோழர்களே. மூணு வேலை இருக்கு.

ஒண்ணு, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு. தலைவர் இல்லைன்னாலும் சபை உண்டு. பத்துப் பேரா போங்க, மேல இருக்கிற நாலு கேள்வியையும் எழுதிக் கொடுங்க, தீர்மானப் புத்தகத்துல ஏத்தச் சொல்லுங்க. தெலுங்கு, கன்னடம் பேசுற நம்ம ஊர்ப் பெரியவங்களுக்கு அவங்க மொழியிலேயே விளக்கிச் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க. ஓசூர்ல இருக்கிறவங்க வார்டு ஏரியா சபையில கேளுங்க.

ரெண்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள்ல பதில் வரணும். "எத்தனை கோடி செலவு?"ன்னு கேட்காதீங்க, அதை அவங்களே விளம்பரத்துல போட்டுடுவாங்க. "எத்தனை வீட்டு இணைப்பு? எந்த ஆண்டு மக்கள் தொகைக்கான வடிவமைப்பு?"ன்னு கேளுங்க.

மூணு, மாஸ்டர் பிளான். வரைவுத் திட்டம் வெளியிட்டா ஆட்சேபம் சொல்லக் குறைந்தது ரெண்டு மாசம் அவகாசம் கொடுக்கணும்னு நகர் ஊரமைப்புச் சட்டமே சொல்லுது. உங்க சர்வே எண் எந்த வண்ணத்துல இருக்குன்னு அந்த ரெண்டு மாசத்துக்குள்ள பார்க்கணும். அதுக்கப்புறம் பார்த்தா, பார்க்க மட்டும்தான் முடியும்.

பழுதான ரோட்டோட போட்டோவையும் போடுங்க, வேண்டாம்னு சொல்லல. அது கூடவே ஒரு எண்ணையும் போடுங்க. போட்டோவுக்கு அவங்க வேற ஒரு போட்டோவைப் பதிலாப் போடுவாங்க. எண்ணுக்கு எண்ணாலதான் பதில் சொல்லியாகணும்.

பகிருங்கள். உங்க ஊராட்சியில தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு முறை வருதுன்னு ஊர்ப் பேரோட எழுதுங்க. வர்றதை எல்லாம் தொகுத்து அடுத்த கிராம சபைக்கு முன்னாடி மாவட்ட ஆட்சியர்கிட்ட மனுவா கொடுப்போம்.

தகவல் தொழில்நுட்பப் பிரிவு
ஓசூர் – சூளகிரி – உத்தனப்பள்ளி

#உத்தனப்பள்ளி #ஓசூர் #பலன்_அறிக்கை_எங்கே